கதவளவு வெள்ளை

அந்த மனிதரைப் பற்றிச் சொல்வதென்றால் முகத்தில் ஆரம்பிக்க முடியாது, இடுப்பில்தான் ஆரம்பிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய இடது பக்க பெல்ட்டில் ஒரு இரும்பு வளையம், அந்த வளையத்தில் பதினாலு சாவிகள். தெருமுனையில் அவர் திரும்பும்போதே சத்தம் முன்னால் வந்துவிடும். தையல் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் ‘கொத்துச்சாவி’. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே சட்டென்று திரும்பத் தோன்றாது.

சாவிக்கு அடுத்தபடி அவருடைய அடையாளம் ஒரு வாக்கியம். “கேட்டுட்டுச் சொல்றேன்.” கேட்டில் யார் வந்து நின்றாலும், என்ன அவசரமென்றாலும், அதுதான் பதில். ஒருமுறை முதலாளியின் மச்சினனே பாஸ் இல்லாமல் வந்து நின்றார். பேய் மழை. கொத்துச்சாவி அவரை உள்ளே விடவுமில்லை, ஒரு குடை கொடுக்கவுமில்லை. மேனேஜருக்குப் போன் போட்டு, அவர் எடுத்து, “சரி விடு” என்று சொல்ல அரை மணி நேரம் ஆனது. மச்சினன் தொப்பலாக நனைந்துகொண்டே வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். மறுநாள் முதலாளி கூப்பிட்டு இவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த ஒரு தட்டை வைத்துக்கொண்டே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டார் மனுஷன்.

தெருக்காரர்கள் சும்மா விடுவார்களா? பெண் பார்க்கப் போன இடத்தில் “பொண்ணு பிடிச்சிருக்கா?” என்று கேட்டதற்கு, “கம்பெனில கேட்டுட்டுச் சொல்றேன்” என்று எழுந்து வந்துவிட்டார், அதனால்தான் கடைசிவரை ஒண்டிக்கட்டை என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். அவரும் அதைக் கேட்டுச் சிரிப்பார். அப்போதெல்லாம் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஒண்டிக்கட்டை என்றாலும் வீடு வெறிச்சோடிக் கிடக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்த தங்கச்சி, நாலு வயசுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்தக் குழந்தைதான் குட்டி. வந்த நாளிலிருந்து அவர் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடந்தது. வளர்ந்து, பத்தொன்பது வயசில் அதே கம்பெனியில் காஜா மிஷினில் உட்கார்ந்தது. சட்டைகளுக்குப் பட்டன் துளை போடுகிற மிஷின். மேனேஜரிடம் நாலு நாள் பின்னாலேயே நடந்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது கொத்துச்சாவிதான். இதை அவர் பிற்பாடு எத்தனை தரம் நினைத்துக்கொண்டார் என்பதற்கு எண்ணிக்கை கிடையாது.

கம்பெனியின் பின்பக்கம் ஒரு இரும்புக் கதவு. உள்ளே மாடியிலிருந்து ஒரு ஒடுக்கமான படி இறங்கி அந்தக் கதவில் முடியும். காலையில் கழிவுத்துணி மூட்டைகளை வெளியேற்றுவதற்கு மட்டும்தான் அந்த வழி. தைக்கிற பெண்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பது கொத்துச்சாவியின் வேலை. அதில் தொங்கிய பூட்டுக்கு ஒன்பதாம் நம்பர் என்று வெள்ளையில் எழுதி வைத்திருந்தவரும் அவர்தான்.

ஒரு மழைக்காலத்தில் அந்தப் பூட்டு துருப்பிடித்து அவரைப் படாத பாடு படுத்தியது. வீட்டில் வந்து புலம்பினார். குட்டி மறுநாளே பழைய சைக்கிள் ட்யூபை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்துப் போனாள். சாப்பாட்டு நேரத்தில், சூப்பர்வைசர் பார்க்காத சமயமாகப் பார்த்து, தன் மிஷினில் கொடுத்து, ரப்பரின் தலைப்பில் மஞ்சள் நூலால் ஒரு காஜா போட்டுவிட்டாள். ரெண்டு ஊசி உடைந்ததாம். அந்தத் துளை வழியாகப் பூட்டின் வளையத்தைக் கோத்தால், ரப்பர் முன்னால் தொங்கி மழையிலிருந்து பூட்டைக் காப்பாற்றும். பூட்டைக் கழற்றினால் ரப்பரும் கூடவே வந்துவிடும். “மாமா, உங்க பூட்டுக்குச் சட்டை தைச்சாச்சு” என்று கொண்டுவந்து கொடுத்தாள். தங்கச்சி அன்று சிரித்த சிரிப்பு இன்னும் அந்த வீட்டுச் சுவரில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதன்பின் மூன்றாவது வருஷம், தைத்த துணிகள் காணாமல் போகின்றன என்று மேனேஜர் ஒரு உத்தரவு போட்டார். எழுத்தில் அல்ல, வாயால். மூட்டை வெளியே போனதும் பின்கதவை மறுபடியும் பூட்ட வேண்டும், வேலை முடிகிறவரை திறக்கக்கூடாது. “என்னைக் கேக்காம இந்தப் பூட்டுல கை வச்சே, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடு” என்றார். அதுவரை பகலில் அந்தப் பூட்டு, ரப்பர் சட்டையோடு, வாட்ச்மேன் அறையின் ஆணியில் தொங்கும். அதற்குப் பிறகு பகலிலும் கதவிலேயே தொங்கியது. உள்ளே இருந்து பார்த்தால் ஒரு தாழ்ப்பாள்தான் தெரியும். வெளியே பூட்டு தொங்குகிறது என்பது மேனேஜருக்கும் கொத்துச்சாவிக்கும் குப்பைமேட்டு நாய்களுக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டில்கூட அவர் சொல்லவில்லை. கம்பெனி விஷயத்தை வீட்டில் பேசலாமா என்று யாரையும் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

தீப்பிடித்தது ஒரு பிற்பகல், மூணே முக்கால் மணிக்கு. அயர்ன் பண்ணுகிற இடத்தில் ஒயர் கருகி, பக்கத்தில் மலையாகக் கிடந்த துணியில் பிடித்துக்கொண்டது. கொத்துச்சாவி ஓடிப்போய் முன்கேட்டின் ரெண்டு கதவுகளையும் அகலத் திறந்தார். பெண்கள் இருமிக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தது ஓவர்லாக் அக்கா. துணி ஓரம் பின்னுகிற ஓவர்லாக் மிஷினில் பதினைந்து வருஷம் உட்கார்ந்தவள், அதனால் அந்தப் பேர். அவள் வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. முன்படியில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறது, அதுவும் எரிகிறது, மீதிப் பேரெல்லாம் பின்படிக்குப் போய்விட்டார்கள் என்றாள்.

அவர் பின்பக்கம் ஓடினார். சாவிக்கொத்து கையில்தான் இருந்தது. கதவின் முன்னால் நின்றபோது உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு கை, ரெண்டு கை இல்லை. மழை தகரத்தில் விழுகிற மாதிரி.

இந்த இடத்தில் வேறு எந்த மனுஷனாக இருந்தாலும் கை சாவிக்குப் போயிருக்கும். கொத்துச்சாவியின் கை போனுக்குப் போனது. மேனேஜருக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாவது தரமும் அடித்தார். மேனேஜர் அந்த நேரத்தில் முன்ரோட்டில் நின்று முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். பிறகுதான் இவருக்குப் புத்தி வந்தது. அவசரத்தில் போட்டால் சாவி நுழையவில்லை. கதவோ தொட முடியாதபடி கொதித்தது. கடப்பாரையை எடுத்துவந்து கொண்டியைப் பூட்டோடு சேர்த்துப் பெயர்த்தார். அதற்குள் தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

செத்தது மொத்தம் இருபத்தேழு பேர். அதில் பதினெட்டுப் பேர் அந்தக் கதவுக்குப் பின்னால். குட்டியும் அங்கேதான் இருந்தாள்.

தீயணைப்பு வண்டி பின்பக்கம் வருவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தாலும் மூளை வேலை செய்தது. பெயர்ந்து கிடந்த பூட்டைக் காட்டி, எடுத்து உள்ளே வை என்றார். “கதவு சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. புரியுதா? உன் வீட்டுப் பிள்ளையும் உள்ள இருக்கு. உன்ன யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.” கொத்துச்சாவி குனிந்து பூட்டை எடுத்து, பாதி கருகிய ரப்பரோடு, காக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அது நெஞ்சில் சுட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மேனேஜர் சொன்னபடியே நடந்தது. விசாரணையில் இவர் “சாத்தித்தான் இருந்துச்சு” என்றார். சொந்த மருமகளைப் பறிகொடுத்தவரை யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்? அறிக்கை வந்தது. பின்கதவு பூட்டப்படவில்லை, அது உட்புறமாகத் திறக்கிற கதவு, தொழிலாளர்கள் பதற்றத்தில் அதன்மேல் முண்டியடித்ததால் திறக்க முடியாமல் போனது. அதாவது யார் மேலும் குற்றமில்லை. ஓவர்லாக் அக்கா அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, “அப்ப நாங்களே முண்டியடிச்சு நாங்களே செத்தோமாம்” என்றாள்.

வீட்டில் நடந்தது இன்னும் கொடுமை. தங்கச்சி தினமும் தட்டில் சோறு போட்டு அண்ணன் முன்னால் வைப்பாள். எதிரே உட்கார்ந்து, “நீ போய் அந்தக் கதவ ஒடச்சுத் தொறக்கலேன்னா அவ முகத்தக்கூட நான் பாத்திருக்க மாட்டேண்ணே” என்பாள். நன்றியோடு சொல்வாள், பாவி. அவர் குனிந்தபடியே சோற்றைத் தண்ணீர் விட்டு முழுங்குவார். பூட்டு அவருடைய ட்ரங்குப் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில் இருந்தது. அந்த வீட்டில் மிச்சமிருந்தது அண்ணன் ஒருவன்தான் என்று அவள் நம்பினாள். சொன்னால் அவளுக்கு அதுவும் போய்விடும், அவருக்கு அவளும் போய்விடுவாள். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

சுவரில் வரைகிற யோசனை ஓவர்லாக் அக்காவுடையது. காகிதத்தில் அவர்கள் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளட்டும், நாம் சுவரில் எழுதுவோம், தினம் போகிற வருகிற ஜனம் பார்க்கட்டும் என்றாள். கருகி நின்ற கம்பெனிக்கு எதிரே கழிவுத்துணிக் குடோன். அதன் நீளச் சுவர் அறுபதடி. குடோன்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். உயிர் பிழைத்தவர்களும் செத்தவர்களின் வீட்டார்களும் சேர்ந்து பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, வெடிப்பு அடைத்து, மூணு கை வெள்ளை அடித்தார்கள். கம்பெனிக் கட்டடத்தை, அந்த நாளில், அந்த மணியில் இருந்தபடி அப்படியே வரைவது என்று முடிவு.

வரைய வந்தவர் போர்டு பெயிண்டர். அந்தப் பக்கத்துக் கடைகளின் நெற்றியிலெல்லாம் இருக்கிறது அவர் எழுத்துதான். சிடுமூஞ்சி. யாராவது யோசனை சொன்னால் “நீங்க ஏறி வரைங்களேன்” என்று பிரஷை நீட்டுகிற ஆள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நேரில் பார்த்தவர் சுவர் முன்னால் நின்று வாயால் சொல்ல வேண்டும், அதை மட்டும்தான் வரைவேன், வண்ணம் தீட்டுவதும் அவரவர் கைதான். “நாளைக்கு எவனாவது வந்து பொய்னு சொன்னா, பாத்தவங்க இங்க நிக்கணும். என்கிட்ட வந்து கேக்கக் கூடாது.”

நூலில் நீலப்பொடி தடவி, இழுத்து அடித்து, சுவர் முழுக்கக் கட்டம் போட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அட்டைப்பெட்டி அடுக்கியிருந்த படியை அயர்ன்காரர் சொன்னார், அவரே பழுப்பு பூசினார். ஜன்னல் கம்பிகளை ஒரு தாய் பூசினாள், மகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கீழேயிருந்து பார்த்தவள். கூடத்துக் கடிகாரத்தை ஓவர்லாக் அக்கா இடது கையால் வரைந்தாள், மூணே முக்கால். குட்டியைக் கடைசியாக மிஷினில் பார்த்ததும் அவள்தான். அதனால் குட்டி மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். தங்கச்சி ஒன்பது நாள் வந்து, தலையில் நீலக் கிளிப் உட்பட, மகளுக்கு வண்ணம் தீட்டினாள். பிரஷ் பிடித்தே பழக்கமில்லாதவள். நெற்றியில் கொஞ்சம் வழிந்ததைத் தன் விரலாலேயே துடைத்துவிட்டாள்.

இருபது நாளில் சுவர் நிறைந்துவிட்டது. ஒரு இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. பின்கதவு. உள்ளேயிருந்து பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. வெளியேயிருந்து பார்த்தது ஒரே ஒருத்தர்தான். சாட்சி இல்லாமல் கோடுகூட இழுக்க மாட்டேன் என்று பெயிண்டர் சாதித்துவிட்டார். சுற்றிலும் நெருப்பும் புகையும் முகமுமாக இருக்க, நடுவில் கதவளவுக்கு ஒரு வெள்ளை. பஸ்ஸில் போகிறவர்கள்கூட அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

கொத்துச்சாவி அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார். தங்கச்சி விடவில்லை. என் அண்ணன்தான் வருஷா வருஷம் அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தவன், அவன் வந்து வரைவான் என்று எல்லோரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஒற்றைக் காலில் நின்றாள். அவர் வழக்கம்போல, “கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார். சொன்ன பிறகுதான் யாரைக் கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை. கம்பெனி இல்லை, மேனேஜர் ஊரிலேயே இல்லை. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

போகிற வழியெல்லாம் மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனார். சாத்தின கதவு. கொண்டி சும்மா இருக்கும். பூட்டு இல்லை. அவ்வளவுதான் வரைய வேண்டும்.

சுவர் முன்னால் நின்று அதையே வாயாலும் சொன்னார். பெயிண்டர் கதவுக்கு நாலு கோடு இழுத்துக் கொடுத்து, பச்சை டப்பாவை நீட்டினார். கொஞ்சம் கறுப்பு கலந்தால்தான் அந்தப் பச்சை வரும் என்று இவர் கேட்டு வாங்கிக் கலந்தார். ஆரம்பத்தில் கை கோட்டைத் தாண்டிப் போனது. பிறகு அந்தக் கை வேலையைப் பிடித்துக்கொண்டது. கீழ் மூலையில் துருப்பிடித்த இடத்தில் வைத்த தகர ஒட்டு, மேல் கீலில் ஒரு ஆணி குறைவு, மூட்டை உரசி உரசி இடுப்பு உயரத்தில் விழுந்த கீறல், எல்லாம் தானாக வந்தன. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் தலைக்குள் சத்தமில்லாமல் இருந்தது. கொண்டியையும் வரைந்தார்.

வருஷா வருஷம் கதவுக்குப் பெயிண்ட் அடித்து முடித்தபின் அவர் கடைசியாகச் செய்வது, அந்த ரப்பர் சட்டையைத் துடைத்துத் திரும்பத் தொங்கவிடுவது. அந்தக் கதவில் குட்டியின் கை பட்டது அது ஒன்றுதான். பிள்ளையின் தையல் இல்லாமல் அந்தக் கதவை எப்படி விடுவது என்று தோன்றியது அவருக்கு. வேறெதுவும் தோன்றவில்லை. கறுப்பைத் தொட்டு உள்ளங்கை அகலத்துக்கு ரப்பரை வரைந்தார். பிறகு மெல்லிய பிரஷில் மஞ்சளைத் தொட்டு, அவள் போட்ட காஜாவை, ஒவ்வொரு தையலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார்.

பெயிண்டர் சாரத்திலிருந்து எட்டிப் பார்த்து, வாட்ச்மேன் வேலையில் வீணாகப் போய்விட்டீர்கள் என்றார். அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு அது. யாரோ அந்தக் கறுப்பு என்னவென்று கேட்டார்கள். கொத்துச்சாவி பெருமையாகத்தான் பதில் சொன்னார், குட்டி தைத்துக் கொடுத்தது, மழை படாமல் இருக்க என்று.

தங்கச்சி எல்லோருக்கும் டீ கொண்டுவந்திருந்தாள். தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். முதலில் அவள் முகம் மலர்ந்தது. “ஆமா, ரெண்டு ஊசிய ஒடச்சாளே” என்று ஈரமான மஞ்சளை விரல் நுனியால் தொட்டாள். விரலை எடுத்தவள் கொண்டியைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, ஓவர்லாக் அக்கா வரைந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அண்ணே, இது பூட்டோடதானே வரும்? பகல்ல உன் ரூம் ஆணியில தொங்கும்னுதானே சொல்லுவே?”

அவர் துணியை எடுத்துப் பிரஷைத் துடைக்க ஆரம்பித்தார்.

“மூணே முக்காலுக்கு இது எப்படிண்ணே கதவுல இருக்கு?”

பெயிண்டருக்கு விஷயம் விளங்கவில்லை. தப்பாக வந்திருந்தால் துடைத்துவிடுங்கள், ஈரம்தான், ஒரே இழுப்பில் போய்விடும் என்றார். கொத்துச்சாவியின் இடது கையில் துணி இருந்தது. ஒரே இழுப்புதான். வயசாகிவிட்டது, ஞாபகப் பிசகு என்று சொன்னால் அத்தனை பேரும் நம்புவார்கள். தங்கச்சியும் நம்பிவிடுவாள், நம்பத்தான் அவள் ஆசைப்படுவாள். அன்று மத்தியானமும் தட்டில் சோறு போட்டு எதிரே உட்காருவாள்.

துணியைப் பார்த்தார். மஞ்சள் தையலைப் பார்த்தார். துணியை, கம்பெனி போனபின்னும் கழற்றாத இடுப்புச் சாவி வளையத்தில் செருகினார்.

“தப்பில்ல. பூட்டித்தான் இருந்துச்சு. நான்தான் பூட்டினேன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் போட்ட உத்தரவு, கதவு முன்னால் போய் நின்றது, கடப்பாரை, பெட்டியில் இருக்கிற பூட்டு. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. போன் விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் ஒரு குழந்தை மாதிரி, “மூணு தடவ அடிச்சேம்மா, எடுக்கல” என்றார். அது ஒரு சமாதானம் என்று அவர் இன்னமும் நினைத்தார் போல.

தங்கச்சி அழவில்லை. மண்ணை வாரித் தூற்றவுமில்லை.

“உள்ள இருந்தவங்க எத்தன தடவ தட்டினாங்க?” என்று கேட்டாள்.

ஓவர்லாக் அக்கா தன் வெந்த கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கச்சி குனிந்து, அவர் காலடியில் விழுந்து கிடந்த பிரஷை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“பூட்டையும் போடு.”

அவர் போட்டார். இருபது முப்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்க, வளையத்தைக் காஜா வழியாகக் கோத்து, ரப்பருக்குக் கீழே பூட்டின் வயிறு தெரிய, அதில் ஒன்பது என்று வெள்ளையில் எழுதினார். யாரும் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு ஒருநாள் பெயிண்டரிடம் சொன்னாராம்.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அடுப்பின் மேல் சோறும் குழம்பும் மூடி வைத்திருந்தது. தங்கச்சியின் துணிகள் இல்லை, குட்டியின் செருப்பும் சீப்பும் இல்லை. விட்டுப் போகிற வீட்டில்கூட அண்ணன் பட்டினி கிடக்கக்கூடாது என்று சமைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அந்தச் சோற்றை அவர் சாப்பிட்டாரா என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பூட்டை எடுத்துக்கொண்டு தானாக நடந்துபோய் போலீஸ் ஸ்டேஷனில் வைத்தார்.

அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள் என்றோ மேனேஜரும் முதலாளியும் கம்பி எண்ணுகிறார்கள் என்றோ சொல்ல எனக்கும் ஆசைதான். வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது, அது உண்மை. மேனேஜர் தலைமறைவாகி, பிடிபட்டு, ஜாமீனில் வந்துவிட்டார். முதலாளிக்கு நெஞ்சுவலி வந்து வந்து போகிறது, விசாரணை நாளில் மட்டும் தவறாமல் வருகிறது. கொத்துச்சாவியும் குற்றவாளிகளில் ஒருவர். ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு, ஜாமீனில் வந்து, கூரை ஓடு விற்கிற ஒரு கொட்டகையில் ஓடு அடுக்குகிறார். இடுப்பில் வளையம் இல்லை. தெருமுனையில் திரும்பினால் இப்போது சத்தம் வருவதில்லை. அடுத்த தெருவில் வேலை முடிந்து வருகிற தையல் பெண்கள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி நடக்கிறார்கள்.

அந்தப் பெண்களுக்குச் சுவரைத் தாண்டும்போது ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வரைந்த பூட்டின்மேல் கையால் ரெண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். நூற்றுக்கணக்கான கை தினமும் படுவதால் அந்த இடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து சுண்ணாம்பு தெரிய ஆரம்பிக்கும். நாலு மாதத்துக்கு ஒருமுறை பெயிண்டர் கொத்துச்சாவிக்கு ஆள் அனுப்புவார். நான் வரைய மாட்டேன், பார்த்தவர்தான் பூச வேண்டும் என்ற நிபந்தனை இன்னும் அமலில் இருக்கிறது. அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூணு சின்ன டப்பாவோடு வந்து உட்கார்ந்து பூசுவார்.

அவர் பூசுகிற நாளெல்லாம் தங்கச்சி வந்து பின்னால் நிற்பாள். ஓவர்லாக் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள், ரெண்டு தெரு தள்ளி. வருவாள், அவர் முடிக்கும்வரை நின்று பார்ப்பாள், போய்விடுவாள். ரெண்டு வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. அண்ணே என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

போன மாதம் அவர் பூட்டைப் பூசி, நம்பரை எழுதி, டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது அவருக்கு, மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி குனிந்துதான் எழுதினார். எழுந்திருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“நூலு வெளுத்துப் போச்சு. மஞ்சள் வை.”

அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. மறுபடி உட்கார்ந்து மஞ்சள் டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு தையலாக வைத்தார். கடைசித் தையல் வரும்வரை அவள் நின்றாள்.

“இது வெளுக்கவே கூடாது. நீ சாகிற வரைக்கும் நீதான் வந்து வைக்கணும்.”

“சரிம்மா” என்றார் அவர். யாரையும் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லவில்லை. அவள் சுவருக்குக் கிட்டே வந்து, ஈரம் காயாத பூட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் பச்சைக் கதவின்மேல் ரெண்டு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.